சதாமை வீழ்த்திய போர் நியாயமானதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக் மீது படையெடுத்து, மூன்றே வாரத்தில் சதாம் உசேனின் ஆட்சியைக் கவிழ்த்தன. கொடுங்கோலனை அகற்றப் போர் தொடுப்பது சரியா என்று அந்தப் போரை முன்வைத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

வாசகர், தேனி: சொந்த நாட்டு மக்கள் மீதே விஷவாயு வீசியவர் சதாம். அவரை அகற்றியதைத் தவறு என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சதாமின் குற்றங்களைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு நமக்கு உடன்பாடு கிடையாது. 1988 மார்ச் 16 அன்று வட ஈராக்கில் சிறுபான்மை இனமான குர்துகள் வாழும் ஹலப்ஜா என்ற ஊரின் மீது வீசப்பட்ட விஷவாயுவில் ஏறக்குறைய 5,000 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை எட்டுக் கட்டங்களாக நடந்த ‘அன்ஃபால்’ நடவடிக்கையில் கொல்லப்பட்ட குர்துகள் 50,000 முதல் 1,00,000 வரை என்பது மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் (ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்) கணக்கு. குர்துத் தரப்பு 1,82,000 என்கிறது. கிராமம் கிராமமாக ஆண்களைப் பிரித்து லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், பாலைவனத்தில் வெட்டிய குழிகளின் ஓரத்தில் நிறுத்திச் சுட்டார்கள்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்த கேள்விக்கு வர முடியும். போரும் ஆட்களைக் கொல்லும். ஆகவே போர் தொடுப்பவர் காட்ட வேண்டியது, இப்போது நடந்துகொண்டிருக்கும் அல்லது நாளையே நடக்கப்போகும் ஒரு பெரும் படுகொலையை. வேறு எந்த வழியிலும் அதை நிறுத்த முடியாது என்பதையும் காட்ட வேண்டும். 1988இல் அப்படிக் காட்ட முடிந்திருக்கும். ஆனால் அன்று ஈரானுக்கு எதிரான போரில் அமெரிக்கா சதாமின் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஈராக் மீது தடைகள் விதிக்க அமெரிக்க செனட் ஒரு மசோதாவை நிறைவேற்றியபோது அதிபர் ரீகனின் அரசே அதை எதிர்த்தது. 2003 மார்ச்சில் அந்த அளவிலான கொலை எதுவும் ஈராக்கில் நடந்துகொண்டிருக்கவில்லை. சிறையும் சித்திரவதையும் இருந்தன. படையெடுப்பால் மட்டுமே தடுக்கக்கூடிய இனப்படுகொலை இல்லை.

அன்ஃபால் ஓர் இனப்படுகொலை என்று ஆவணங்களைத் திரட்டி உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் மனித உரிமைகள் கண்காணிப்பகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2003 போர் மனிதாபிமானத் தலையீடு ஆகாது என்று 2004 ஜனவரியில் முடிவு சொன்னதும் அதே அமைப்புதான். சதாமின் மீது இரக்கம் கொண்டு சொன்னார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நம் கருத்தும் அதுவே: முடிந்துபோன குற்றத்துக்கு நீதிமன்றம், நடந்துகொண்டிருக்கும் படுகொலையைத் தடுக்க மட்டுமே படை. 2003 போர் நியாயமானதல்ல.

வாசகர், கும்பகோணம்: அப்படியானால் 1991இலேயே சதாமை முடித்திருக்கலாமே?

1991 போருக்கு ஐ.நா. கொடுத்த அதிகாரம், 1990இல் சதாம் பிடித்துக்கொண்ட குவைத்தை மீட்பதற்கு. பாக்தாத் வரை போயிருந்தால் உடன் நின்ற அரபு நாடுகள் விலகியிருக்கும். அது ஒரு பக்கம்.

மன்னிக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. 1991 பிப்ரவரி 15 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்), ஈராக் ராணுவமும் மக்களும் காரியத்தைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு சதாமை விலக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார். அதைக் கேட்டுத் தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் கிளர்ந்தெழுந்தார்கள். 18 மாகாணங்களில் 14 சதாமின் கையைவிட்டுப் போயின. சஃப்வான் என்ற இடத்தில் நடந்த போர்நிறுத்தப் பேச்சில், பாலங்கள் உடைந்துவிட்டதால் அதிகாரிகள் போய்வர ஹெலிகாப்டர் வேண்டும் என்று ஈராக் தளபதிகள் கேட்டார்கள். அமெரிக்கத் தளபதி ஷ்வார்ஸ்காப் அனுமதித்தார். அந்த ஹெலிகாப்டர்களே கிளர்ச்சிக்காரர்களைச் சுட்டன. பல பத்தாயிரம் பேர் இறந்தார்கள். மக்கள் தாங்களாகவே எழுந்து பாதி வென்றிருந்த நேரம் அது. ஹெலிகாப்டர் பறக்கக்கூடாது என்ற ஒரு வரி உத்தரவுக்கு அன்று இருந்த நியாயம், 2003இன் மொத்தப் படையெடுப்புக்கும் இருக்கவில்லை.

வாசகர், நாகர்கோவில்: ஐ.நா.வின் 1441ஆம் தீர்மானம் போருக்கு அனுமதி தந்துவிட்டது என்று படித்தேன். சரியா?

தரவில்லை. ஆனால் தந்தது என்று வாதிடுபவர்களின் ஏணியைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் மூன்று படிகள் இருக்கின்றன.

ஐ.நா. சாசனப்படி ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது படையைப் பயன்படுத்த இரண்டே வாசல்கள்: 51ஆம் பிரிவின்படி தற்காப்பு, அல்லது பாதுகாப்பு அவையின் அனுமதி. ஈராக் 2003இல் யாரையும் தாக்கவில்லை. ஆகவே இரண்டாவது வாசல்தான்.

முதல் படி, 1990 நவம்பர் 29இன் 678ஆம் தீர்மானம்: குவைத்தை மீட்கத் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம். இரண்டாவது, 1991 ஏப்ரல் 3இன் 687: போர்நிறுத்தம், ஈராக் ரசாயன, உயிரியல், அணு ஆயுதங்களையும் 150 கிலோமீட்டருக்கு மேல் பாயும் ஏவுகணைகளையும் ஒழிக்க வேண்டும். மூன்றாவது, 2002 நவம்பர் 8இன் 1441: ஈராக்குக்கு இது கடைசி வாய்ப்பு, மீறினால் கடுமையான விளைவுகள். 15 நாடுகளும் ஆதரித்தன. வாதம் இப்படிப் போகும்: ஆயுதத்தை ஒழிக்காததால் 687 முறிந்தது, 687 முறிந்தால் 678 உயிர்பெறும், ஆகவே பழைய அனுமதியே போதும்.

இந்த ஏணி உடைவது ஓரிடத்தில். ஈராக் மீறிவிட்டது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியது யார்? 1441இன் வாசகப்படி, ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் அவைக்கு அறிக்கை தர வேண்டும், அவை கூடி ஆராய வேண்டும். வாக்கெடுப்பு நாளில் அமெரிக்கத் தூதர் நெக்ரோபோன்டேயே, தானாகவே போரைத் தொடங்கிவைக்கும் மறைமுகமான தூண்டுவிசை எதுவும் இதில் இல்லை என்று அவையில் உறுதி சொன்னார். அந்த உறுதியை நம்பித்தான் பிரான்ஸும் ரஷ்யாவும் சிரியாவும் கை தூக்கின. பிறகு இரண்டாவது தீர்மானம் கொண்டுவர அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின் மூன்றும் முயன்றன. நிறைவேறத் தேவையான 9 வாக்கு தேறவில்லை. பிரான்ஸ் வீட்டோ போடுவதாகச் சொன்னது. மார்ச் 17 அன்று அதைக் கைவிட்டார்கள். அனுமதி ஏற்கெனவே கையில் இருந்தால் எதற்காக அலைந்தார்கள்?

பிரிட்டனின் தலைமை வழக்கறிஞர் கோல்ட்ஸ்மித் மார்ச் 7 அன்று பிரதமர் டோனி பிளேருக்குக் கொடுத்த ரகசியக் குறிப்பில், இரண்டாவது தீர்மானம் வாங்குவதே பாதுகாப்பான வழி என்று எழுதியிருந்தார். பத்து நாள் கழித்து நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த பதிலில் அந்தத் தயக்கங்கள் எதுவும் இல்லை. வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட், போர் சட்டவிரோதம் என்று சொல்லிப் பதவி விலகினார். டச்சு அரசு அமைத்த டேவிட்ஸ் குழு 2010இல், போருக்குப் பன்னாட்டுச் சட்டத்தில் அடிப்படை இல்லை என்று முடிவு சொன்னது. அமெரிக்காவுக்கு அரசியல் ஆதரவு கொடுத்த நாடு அது.

வாசகர், சேலம்: பேரழிவு ஆயுதங்கள் பற்றிச் சொன்னது பொய்யா, அல்லது தவறான நம்பிக்கையா?

சதாமிடம் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று உலகத்தின் பல உளவுத்துறைகள் உண்மையாகவே நம்பின. ஆனால் சந்தேகமாக இருந்ததை நிச்சயம் என்று ஆக்கிக் காட்டியது மேலிடத்தின் வேலை. மூன்று உருப்படிகளைப் பாருங்கள்.

அலுமினியக் குழாய்கள்: ஈராக் வாங்க முயன்றவை 81 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. அணுகுண்டுக்கு யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிக்கு என்றது சி.ஐ.ஏ. மையவிலக்குக் கருவியைக் கட்டித் தெரிந்தவர்கள் இருக்கும் அமெரிக்க எரிசக்தித் துறையோ, குழாயின் சுவர் அதற்குத் தேவையானதைவிடத் தடிமன், நீளமும் பொருந்தவில்லை, ஈராக் ஏற்கெனவே செய்துவந்த 81 மி.மீ. ராக்கெட்டுக்கு அளவெடுத்தது போல் இருக்கிறது என்றது. துறை தெரிந்தவர்களின் கருத்து ஓரமாகப் போடப்பட்டது.

நைஜர் யுரேனியம்: ஈராக் நைஜர் நாட்டில் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய கடிதங்கள் போலி என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய் 2003 மார்ச் 7 அன்று பாதுகாப்பு அவையிலேயே அறிவித்தார். போர் தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

உயிரியல் ஆயுதம் செய்வதாகச் சொல்லப்பட்ட நடமாடும் ஆய்வகங்கள்: பிப்ரவரி 5 அன்று வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அவையில் படம் போட்டுக் காட்டியது. ஆதாரம், ‘கர்வ்பால்’ என்ற சங்கேதப் பெயர் கொண்ட, ஜெர்மன் உளவுத்துறையிடம் கதை சொன்ன ஓர் அகதி. தான் புனைந்து சொன்னதாக 2011இல் அவரே ஒப்புக்கொண்டார்.

உண்மையில் நடந்தது இதுதான். 1991 கோடையிலேயே, ஐ.நா.விடம் அறிவிக்காமல் மறைத்து வைத்திருந்த ரசாயன ஆயுதங்களை ஈராக் ரகசியமாக அழித்துவிட்டது. ஐ.நா. ஆட்களை வைத்துக்கொண்டு அழிக்கவில்லை, சரியான பதிவேடும் வைக்கவில்லை. பிறகு ‘அழித்துவிட்டோம்’ என்று சொன்னபோது காட்டக் காகிதம் இல்லை. ஈரானுக்குப் பயம் இருக்கட்டும் என்று சதாமும் பூடகமாகவே பேசிக்கொண்டிருந்தார். ஆய்வாளர்கள் 2002 நவம்பர் 27 முதல் நான்கு மாதத்துக்குள் சுமார் 500 இடங்களில் 700க்கும் மேற்பட்ட சோதனைகள் நடத்தினார்கள். வரம்பை மீறிப் பறந்த அல்-சமூத் 2 ஏவுகணைகளை மார்ச் 1 முதல் நொறுக்கத் தொடங்கினார்கள். மீதிப் பணிக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்பதற்கு ஆய்வாளர் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் சொன்ன பதில்: ஆண்டுகள் வேண்டாம், வாரங்கள் போதாது, மாதங்கள். அந்த மாதங்களைக் கொடுத்திருந்தால் ஆயுதம் இல்லை என்பது போர் இல்லாமலே தெரிந்திருக்கும். பிரிட்டனின் சில்காட் விசாரணை 2016 ஜூலையில் சொன்னதும் இதைத்தான்: அமைதி வழிகள் தீர்ந்துபோவதற்கு முன்பே போர் தொடங்கியது, அது கடைசி வழியாக இருக்கவில்லை.

வாசகர், கோவை: போர் நடக்காவிட்டால் பொருளாதாரத் தடை தொடர்ந்திருக்கும். அதில் ஐந்து லட்சம் குழந்தைகள் இறந்தார்களே?

நல்ல கேள்வி. போரை ஆதரிப்பவர்களின் வலுவான வாதங்களில் ஒன்று இது. குவைத் படையெடுப்புக்காக 1990இல் ஐ.நா. விதித்த தடை ஈராக்கைச் சூறையாடியது உண்மை. மருத்துவமனையில் மருந்து இல்லை, குடிநீர்க் குழாய்க்கு உதிரிப் பாகம் இல்லை, நடுத்தரக் குடும்பங்கள் வீட்டுச் சாமானை விற்றுச் சாப்பிட்டன. ஐ.நா.வின் உதவித் திட்டத்தை அங்கே நடத்திய டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்பொனெக் 2000இலும் தடையைக் கண்டித்து விலகினார்கள்.

ஆனால் அந்த ஐந்து லட்சம் என்ற எண் நிற்கவில்லை. 1999இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வின் களப்பணியை, மத்திய, தென் பகுதிகளில், செய்தவர்கள் சதாம் அரசின் ஊழியர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு ஆயிரத்துக்கு 56லிருந்து 131 ஆகிவிட்டதாக அது காட்டியது. சதாம் போன பிறகு வேறு வேறு அமைப்புகள் செய்த கணக்கெடுப்புகளில் 1990களுக்கு அப்படி ஓர் ஏற்றமே தெரியவில்லை. தடைக்கு எதிராகப் பிரசாரம் செய்ய சதாம் அரசு ஜோடித்த எண் என்று 2017இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தடையை எதிர்த்தவர்களும் போரை ஆதரித்தவர்களும் ஒரே எண்ணை எடுத்தாண்டது வேதனைதான். தடையைத் தளர்த்தவும் திருத்தவும் வழி இருந்தது; எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்க அனுமதித்து 1996 டிசம்பரில் தொடங்கிய ‘எண்ணெய்க்கு உணவு’ திட்டமே அதற்குச் சாட்சி. தடை கொடுமை என்றால் தடையை மாற்ற வேண்டும், படையெடுக்க வேண்டியதில்லை.

வாசகர், திருச்சி: மூன்று வாரத்தில் வென்ற படை, பிறகு எட்டு ஆண்டுகள் திணறியது ஏன்?

போரின் நியாயத்தைப் பேசும்போது இதைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடுகிறார்கள். ‘நோக்கம் நல்லது, செயல்படுத்தியதில் கோளாறு’ என்பார்கள். ஓர் அரசை உடைக்கப் புறப்படுகிறவன் மறுநாள் காலையில் அந்த ஊரை யார் காப்பது என்று ஏற்பாடு செய்யாமல் போனால், அந்த அலட்சியமே போரை அநியாயமாக்கப் போதும்.

முதலில் ஆள் கணக்கு. பிடித்த நாட்டில் ஒழுங்கைக் காக்க ஆயிரம் பேருக்கு 20 வீரர்கள் என்பது ராணுவ ஆய்வாளர்கள் சொல்லும் தோராய விகிதம். போஸ்னியாவிலும் கொசோவோவிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஈராக்கின் மக்கள்தொகை சுமார் இரண்டரைக் கோடி. பெருக்கிப் பாருங்கள், 5 லட்சம் வரும். பாக்தாத் விழுந்தபோது அங்கே இருந்த அமெரிக்கப் படை ஏறக்குறைய ஒன்றரை லட்சம். பல லட்சம் வீரர்கள் தேவைப்படும் என்று ராணுவத் தலைமைத் தளபதி ஷின்செகி பிப்ரவரி 25 அன்று செனட் குழுவிடம் சொல்லியிருந்தார். பாதுகாப்புத் துணை அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ் இரண்டே நாளில் அதைப் பகிரங்கமாக மறுத்தார்.

ஆள் போதாததன் விளைவு, பாக்தாத் விழுந்த ஏப்ரல் 9 முதலே தெரிந்தது. பாக்தாதின் அமைச்சகக் கட்டடங்களில் பெரும்பாலானவை சூறையாடப்பட்டன. மின்கம்பி, கதவு, கோப்பு என்று ஒன்றையும் விடவில்லை. தேசிய அருங்காட்சியகத்திலிருந்து சுமார் 15,000 பொருட்கள் போயின. அதைவிட ஆபத்தானது ஆயுதக் கிடங்குகள். அல்-கக்கா என்ற தொழிற்சாலையில் அணுசக்தி முகமை முத்திரையிட்டு வைத்திருந்த சுமார் 377 டன் உயர்ரக வெடிமருந்து பாதுகாப்பின்மையால் களவு போனதாக ஈராக் அரசு 2004 அக்டோபரில் அறிவித்தது. சாலையோரக் குண்டுக்குச் சில கிலோ போதும்.

அடுத்து மே மாதத்தின் இரண்டு ஆணைகள். ஆக்கிரமிப்பு நிர்வாகியாக வந்த பால் பிரெமர் மே 12 அன்று பாக்தாதில் இறங்கினார். மே 16இல் முதல் ஆணை: சதாமின் ஆளுங்கட்சியான பாத் கட்சியின் மேல் நான்கு நிலைகளில் இருந்தவர்கள் அரசு வேலையிலிருந்து நீக்கம், ஒவ்வொரு அமைச்சகத்திலும் மருத்துவமனையிலும் பல்கலைக்கழகத்திலும் மேல் மூன்று அடுக்குகளில் இருந்து, கட்சியின் முழு உறுப்பினராகவும் இருந்தவர்கள் நீக்கம். சதாம் ஆட்சியில் தலைமையாசிரியர் ஆக வேண்டுமென்றால் கட்சியில் சேர்ந்தாக வேண்டும். ஆகவே ஆணை விழுந்தது பள்ளிக்கூடத்தின் மீதும் மின்வாரியத்தின் மீதும்தான். இதைச் செய்தால் பல பத்தாயிரம் பேரைத் தலைமறைவுக்குத் தள்ளுகிறோம் என்று பிரெமருக்கு முன்னால் பொறுப்பில் இருந்த ஜே கார்னரும் சி.ஐ.ஏ.வின் பாக்தாத் அதிகாரியும் எச்சரித்தார்கள்.

மே 23இல் இரண்டாவது ஆணை: ராணுவம் கலைப்பு. ராணுவத்தில் மட்டும் நான்கு லட்சம் பேருக்கு அருகில் இருந்தார்கள். சாதாரண வீரர்களை வைத்துக்கொண்டு சாலை, பாலம் சீரமைக்கலாம் என்ற திட்டத்துக்கு மார்ச்சில்தான் வெள்ளை மாளிகையில் ஒப்புதல் கிடைத்திருந்தது. அதை மாற்றியபோது அமெரிக்க அரசின் பல உயர் அதிகாரிகளுக்கே தெரியாது. கலைத்தவர்கள் சம்பளம், ஓய்வூதியம் பற்றி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஜூன் 18 அன்று பாக்தாதில் ஊர்வலம் வந்த முன்னாள் வீரர்கள் மீது அமெரிக்கப் படை சுட்டதில் இருவர் இறந்தார்கள். ஐந்து நாள் கழித்து உதவித்தொகை அறிவிப்பு வந்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற, வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கிற, வருமானமும் மரியாதையும் ஒரே வாரத்தில் பறிபோன ஆண்களை ஒரு மாதம் தெருவில் நிறுத்தினால் என்ன நடக்குமோ அது நடந்தது. பின்னாளில் ஐ.எஸ். இயக்கத்தின் ராணுவ மூளையாக இருந்தவர்களில் பலர் கலைக்கப்பட்ட அந்தப் படையின் அதிகாரிகள்.

மூன்றாவது கோளாறு குறைவாகப் பேசப்படுவது. ஜூலை 13இல் அமைத்த 25 பேர் ஆளும் குழுவை 13 ஷியா, 5 சுன்னி அரபு, 5 குர்து, 1 துர்க்மேன், 1 அசிரியர் என்று பிரித்தார்கள். கட்சியோ கொள்கையோ பார்க்காமல் பிறப்பை வைத்துப் பங்கிட்ட அந்த முறை அரசியலில் ஊறிப்போய்விட்டது. 2006 பிப்ரவரி 22 அன்று சமாரா நகரில் ஷியாக்களின் புனிதத் தலமான அல்-அஸ்கரி பள்ளிவாசல் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டபோது பாக்தாதின் தெருக்கள் ஷியா, சுன்னி என்று பிரிந்தன.

வாசகர், சென்னை: இறந்தவர்கள் ஒரு லட்சம் என்கிறார்கள், ஆறரை லட்சம் என்கிறார்கள். எதை நம்புவது?

ஒவ்வோர் எண்ணும் எதை எண்ணியது என்று பார்த்தால் குழப்பம் தீரும். ஈராக் பாடி கவுன்ட் அமைப்பு செய்தி, மருத்துவமனை, பிணவறைப் பதிவுகளில் வந்த பொதுமக்கள் மரணங்களை மட்டும் சேர்க்கிறது. 2011 இறுதிவரை ஒரு லட்சத்துக்கு மேல். பதிவாகாத சாவு இதில் வராது. ஆகவே அது அடிமட்ட எண்.

மற்றவை வீடு வீடாகக் கேட்டு, நாடு முழுமைக்கும் பெருக்கியவை. உலகச் சுகாதார நிறுவனமும் ஈராக் சுகாதார அமைச்சகமும் 9,345 வீடுகளில் எடுத்த கணக்கு, 2006 ஜூன் வரை வன்முறைச் சாவு 1,51,000. அதே காலத்துக்கு லான்செட் இதழில் வந்த ஆய்வு சொன்ன கூடுதல் மரணங்கள், அதாவது போருக்கு முந்தைய இறப்பு விகிதத்துக்கு மேல் நிகழ்ந்தவை, சுமார் 6,55,000. ஆனால் அது பார்த்தது 1,849 வீடுகள், 47 தொகுதிகள். இவ்வளவு சிறிய மாதிரியில் நாலைந்து தெருக்கள் பிசகினாலும் விடை பெரிதாக மாறும். அதன் முதன்மை ஆய்வாளர் வழிமுறை விவரங்களைத் தர மறுத்ததற்காக அமெரிக்கக் கருத்துக்கணிப்பாளர் சங்கம் 2009இல் கண்டித்தது. 2013இல் 2,000 வீடுகளில் நடந்த இன்னோர் ஆய்வு, 2011 வரை கூடுதல் மரணம் 4,60,000 அளவில் என்றது. அதன் பிழை எல்லையும் மிக அகலம். வன்முறையால் நேரடியாக இறந்தவர்கள் ஒன்றிலிருந்து இரண்டு லட்சத்துக்குள், அதற்கு மேல் பல லட்சம் இருக்கலாம் என்று சொல்வதே கணக்குக்கு நேர்மையானது. போரின் நியாயத்தைச் சாய்க்க அடிமட்ட எண்ணே போதும்.

வாசகர், ராமநாதபுரம்: எல்லாமே எண்ணெய்க்காகத்தானே?

எண்ணெய் இல்லாத நாடாக இருந்தால் இந்தப் போர் நடந்திருக்காது என்று நம்பலாம். ஆனால் எண்ணெயைப் பிடுங்கவே வந்தார்கள் என்றால் 2009 ஏலம் இடிக்கிறது: ருமைலா எண்ணெய் வயலைப் பெற்றவர்கள் பிரிட்டனின் பி.பி.யும் சீனாவின் சி.என்.பி.சி.யும், மேற்குக் குர்னா இரண்டாம் பகுதி ரஷ்யாவின் லுகாயிலுக்குப் போனது.

வாசகர், புதுச்சேரி: குர்துகளும் ஷியாக்களும் சதாம் போனதைக் கொண்டாடினார்கள். வெளியே இருந்து அநியாயம் என்று சொல்ல நாம் யார்?

கொண்டாடியவர்களின் மகிழ்ச்சி உண்மையானது. காணாமல் போன பிள்ளையின் எலும்பைப் புதைகுழியிலிருந்து எடுத்து அடக்கம் செய்ய முடிந்த தாய்க்கு அந்தப் போர் கொடுத்ததை எந்த வாதத்தாலும் மறுக்க முடியாது. ஆனால் பெரும்பாலான குர்துகள் 1991 முதலே, 36ஆம் அட்சரேகைக்கு வடக்கே ஈராக் விமானம் பறக்கக்கூடாது என்ற தடையின் காவலில் தன்னாட்சியோடு இருந்தார்கள். 1992 மேயில் தேர்தலும் நடத்தினார்கள். மக்களைக் காக்கப் படையெடுப்பைவிடச் சிறிய கருவி ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாகப் பயன்பட்டுக்கொண்டிருந்தது என்பதற்கு அவர்களே சாட்சி. தென்பகுதி ஷியாக்களுக்கு அந்த அளவுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை; அங்கே விமானத்தைத் தடுத்தார்களே தவிர தரைப்படையைத் தடுக்கவில்லை. போர்-எதிர்ப்பாளர்கள் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

வாசகர், தஞ்சாவூர்: சர்வாதிகாரியைக் கவிழ்த்த எந்தப் போரும் நியாயமாக இருந்ததில்லையா?

ஒன்று உண்டு: 1979 உகாண்டா. 1978 அக்டோபர் கடைசியில் உகாண்டா சர்வாதிகாரி இடி அமீனின் படை தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் நுழைந்து, சுமார் 1,800 சதுர கிலோமீட்டர் நிலத்தைத் தன்னோடு சேர்த்துவிட்டதாக அறிவித்தது. ஊர்களைக் கொள்ளையடித்து மக்களைக் கொன்றது. தான்சானிய அதிபர் ஜூலியஸ் நியரேரே படை திரட்டி விரட்டினார். எல்லையில் நிற்காமல் உகாண்டாவுக்குள் போனார். லிபியா அமீனுக்குத் துருப்புகள் அனுப்பியும் பயனில்லை. 1979 ஏப்ரல் 11 அன்று கம்பாலா விழுந்தது.

ஈராக்கோடு ஒப்பிட்டால் மூன்று வேறுபாடுகள். முதலில் அடித்தது அமீன். கொலை அன்றன்றைக்கு நடந்துகொண்டிருந்தது. அமீனின் எட்டாண்டில் இறந்தவர்கள் மூன்று லட்சம் வரை என்ற மதிப்பீடு உண்டு. மூன்றாவதுதான் முக்கியம்: கம்பாலா விழுவதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், மோஷி நகரில் உகாண்டாவின் நாடுகடந்த குழுக்கள் கூடி மாற்று அரசுக்கு ஒரு முன்னணி அமைத்தன. உகாண்டாக்காரர்களே அமீனோடு நடத்தும் போர் ஒன்று, தான்சானியா எல்லைக்காக நடத்தும் போர் இன்னொன்று என்று நியரேரே பிரித்துச் சொன்னது இதனால்தான்.

அதற்குப் பிறகும் எல்லாம் நன்றாக நடக்கவில்லை. புதிய அதிபர் யூசுஃப் லூலே 68 நாளில் இறக்கப்பட்டார். 1980 தேர்தல் முறைகேடு என்று உள்நாட்டுப் போர் வெடித்து 1986 ஜனவரி வரை நீடித்தது. நியாயமான காரணம், அண்டை நாடு, கையில் மாற்று அரசு எல்லாம் இருந்தும் ஏழாண்டு ரத்தம். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் ஈராக்கில் இறங்கியவர்கள் எதை எதிர்பார்த்தார்கள் என்பது புரியவில்லை.

வாசகர், திருநெல்வேலி: இந்தியாவும் படை அனுப்ப இருந்ததாமே?

அமெரிக்கா கேட்டது, ஒரு டிவிஷன், ஏறக்குறைய 17,000 வீரர்கள். 2003 ஏப்ரல் 8 அன்றே மக்களவை போரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. வாஜ்பாய் அரசு சில வாரங்கள் யோசித்து, ஐ.நா.வின் தெளிவான ஆணை இருந்தால் பரிசீலிப்போம் என்று ஜூலை 14 அன்று மறுத்துவிட்டது. சரியான முடிவு.

கல்லூரி மாணவி, மதுரை: ‘சதாமை வீழ்த்திய போர் நியாயமே’ என்ற அணியில் பட்டிமன்றத்தில் பேசப் போகிறேன். எப்படித் தயார் செய்வது?

உங்கள் அணியின் கருத்தை நாம் ஏற்கவில்லை. ஆனாலும் அதை நன்றாகப் பேச முடியும். பேரழிவு ஆயுதத்தில் தொடங்காதீர்கள். அங்கே நின்றால் எதிரணி ஒரே நிமிடத்தில் டுல்ஃபர் அறிக்கையைக் காட்டி முடித்துவிடும்: 2004இல் அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே இருப்பு எதுவும் இல்லை என்றது. 2004க்குப் பிறகு ஆயிரக்கணக்கான பழைய ரசாயனக் குண்டுகள் கிடைத்தனவே என்று சிலர் எழுதியிருப்பார்கள். அவை 1991க்கு முந்தைய, துருப்பிடித்த மிச்சங்கள். மேடையில் எடுக்க வேண்டாம்.

அன்ஃபாலில் தொடங்குங்கள். அடுத்து 1991: மக்களை எழுப்பிவிட்டுக் கைவிட்ட நாட்டுக்குத் தீராத கடன் இருந்தது என்று சொல்லுங்கள். உங்கள் தரப்பில் மிக வலுவான வாதம் இதுதான், பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை. மூன்றாவதாக, சதாமைக் கட்டுக்குள் வைக்கும் ஏற்பாடு தளர்ந்துகொண்டிருந்தது, தடையை மீறிய எண்ணெய்க் கடத்தல் நடந்தது, அவருக்குப் பின் உதயும் குசையும் என்ற மகன்கள் காத்திருந்தார்கள் என்று எதிர்காலத்தைப் பேசுங்கள். ஐந்து லட்சம் குழந்தைகள் என்ற எண்ணைத் தொடாதீர்கள்.

எதிரணி உங்களை மடக்கும் இடம் ‘ஏன் 2003 மார்ச்?’ என்ற கேள்வி. படை ஏற்கெனவே குவைத்தில் குவிந்துவிட்டது, வெயில் வருகிறது, காத்திருக்க முடியாது என்பதே அன்று சொல்லப்பட்ட பதில். அது நியாயத்தைப் பற்றிய பதில் ஆகாது என்று நடுவர் உடனே பிடிப்பார். ஆய்வாளர்கள் அங்கே நின்றதே எல்லையில் குவிந்த படையின் அச்சுறுத்தலால்தான், அதை ஆண்டுக்கணக்கில் அப்படியே நிறுத்தி வைக்க முடியாது என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். ஓரளவு நிற்கும். மேயின் இரண்டு ஆணைகளைத் தவறு என்று நீங்களே முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள், எதிரணியின் பாதி வாதம் எடுபடாமல் போகும். எண்களைத் தாளில் எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த மாதம் வரை, யார் எடுத்த கணக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்.